மே கடைசி வரைக்கும் கொஞ்சம் தனிமை

நான் தனிமையில் வாடுகிறேன் என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன ஆகஸ்டில் குடலிறக்கத்துக்கு அறுவை செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாரத்தில் எத்தனை பேரோடு பேசுவீர்கள் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து இரண்டு பேர் என்றேன். தபால் கொண்டுவருகிறவள் ஒருத்தி, ரைனோ ஒருத்தன். தபால்காரியோடு என்ன பேசுவீர்கள் என்றாள். குளிர் என்பேன், ஆமாம் என்பாள் என்றேன். ரைனோவோடு? அவன் சனிக்கிழமை சவுனாவுக்கு வருவான். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் ஆவியில் உட்கார்ந்திருப்போம். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்போது என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள். எதற்குப் பேச வேண்டும் என்று நான் கேட்டேன்.

அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு "கடுமையான தனிமை" என்று எழுதினாள். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது.

என் தாத்தா ஃபின்லாந்திலிருந்து இந்த ஊர்ச் செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர். கப்பலில் பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் பேசிக்கொண்டு வந்திருந்தால் கூட வந்தவர்களே அவரைக் கடலில் தள்ளியிருப்பார்கள். பெரிய ஏரிக்கு இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். நான் ஆர்வோ கின்னுனென். வயது எழுபத்தொன்பது. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. நாற்பத்தொரு வருடம் மரம் ஏற்றிய லாரி ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் யாரும் கிடையாது. ஒருநாளும் அதைத் தனிமை என்று நான் நினைத்ததில்லை. வேலை என்று நினைத்தேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி, பகல் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திரையை விலக்கிப் பார்த்தேன். சின்னப் பெண், கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. ஜன்னல் விற்க வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது சபையில் சேர்க்க வந்திருக்க வேண்டும். நான் கதவைத் திறக்கவில்லை.

"என்ன விக்கிற?"

"எதுவும் விக்கலை சார். உங்களுக்குத் துணையா இருக்க வந்திருக்கேன்."

"யாரு கேட்டா?"

"நீங்கதான் சார். இதோ, உங்க கையெழுத்து."

கண்ணாடியில் காகிதத்தை ஒட்டிக் காட்டினாள். என் கையெழுத்தேதான். மயக்க மருந்து தெளியாத நேரத்தில் வாங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து உருப்பெருக்கி இல்லாமல் நான் எந்தக் காகிதத்திலும் கை வைப்பதில்லை.

பெயர் ரனீம் பெய்தூன் என்றாள். தெற்கே டியர்பார்னிலிருந்து எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவள். லெபனான் குடும்பம். இதில் உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். சமூக சேவை, அது இது என்று பேசியிருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். தனக்கு ஆதாயம் இல்லாமல் நல்லது செய்ய வருகிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவது கிடையாது. இவள் உள்ளதைச் சொன்னாள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப்போகிறாள். அதற்கு மே கடைசிக்குள் நூற்றைம்பது மணி நேரம் மருத்துவம் சாராத சேவை செய்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுடைய ஆலோசகர் சொல்லியிருக்கிறார்.

"நோயாளிங்களோட இருந்த நேரம் எனக்கு நானூறு மணி இருக்கு சார். நோயில்லாதவங்களோட இருந்த நேரம்தான் இல்லை."

"டாக்டராகப் போறவளுக்கு நோயில்லாதவன் எதுக்கு?"

"மனுஷங்க மேல அக்கறை இருக்கான்னு பாக்கறாங்களாம்."

"நோயாளி மனுஷன் இல்லியா?"

"அது படிவத்துல வேற கட்டம் சார்."

உள்ளே விட்டேன்.

செவ்வாய் இரண்டு மணி நேரம், வியாழன் இரண்டு மணி நேரம். அவளுக்கு ஒரு விதிப்புத்தகம் கொடுத்திருந்தார்கள். என்னைத் தொடக் கூடாது. மாத்திரை டப்பாவை எடுத்துத் தரக் கூடாது. சமைக்கக் கூடாது, பெருக்கக் கூடாது. இரத்த அழுத்தம் என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது. மருத்துவம் பக்கமாக விரல் நீட்டினாலும் அந்த நேரம் வேறு கட்டத்துக்குப் போய்விடுமாம். அக்டோபரில் விறகு அடுக்கும்போது உள்ளங்கையில் ஒரு அங்குலச் சிராய் ஏறிவிட்டது. அவள் எழுந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பசித்த ஆள் பேக்கரி ஜன்னலைப் பார்ப்பது மாதிரி இருந்தது. குறடால் நானே பிடுங்கினேன். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சிருக்கணும்" என்றாள் மெதுவாக. பிறகு, அதுகூடச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள்.

பேச்சுக் கொடுப்பதற்கும் அட்டைகள் தந்திருந்தார்கள். உங்கள் வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியான நாள் எது என்று முதல் வாரம் படித்தாள். சொல்ல மாட்டேன் என்றேன். சிறு வயதில் உங்களுக்குப் பிடித்த உணவு? உணவு என்றேன். மூன்றாவது வாரம் அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் பாடப்புத்தகத்தை எடுத்தாள். நான் மரம் அறுக்கிற ரம்பத்தின் சங்கிலியை எடுத்து அதன் பல்லைத் தீட்டினேன். சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நான்கு மணிக்குக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும். அவளுடைய அம்மாவும் காப்பியில் ஏலக்காய் போடுவாளாம். அக்டோபர் மாதத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

போகும்போது ஒரு தாள் நீட்டுவாள். தேதி, நேரம், என்ன செய்தீர்கள் என்று மூன்று கட்டம். கீழே என் கையெழுத்து. முதலில் "உரையாடல்" என்று எழுதினாள். பொய் என்றேன். அப்படியானால் என்ன எழுதுவது என்றாள். உட்கார்ந்திருந்தோம் என்று எழுது என்றேன். அதை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி "தோழமை" என்று எழுதினாள். அது பொய் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் அவள் என்னை "அம்மோ" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர்கள் வீட்டில் சித்தப்பா பெரியப்பாக்களை அப்படித்தான் அழைப்பார்களாம். வேண்டாம் என்றேன். அதோடு சார் என்பதை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் பாதியில் நூற்றுப்பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் வந்தால் மே கடைசிக்குள் மீதியை முடித்துவிடலாம் என்று சுவரைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். அந்த வாரம்தான் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மறுமதிப்பீடு. இந்தத் தோழமைத் திட்டத்தை நடத்துகிற மர்லீன் ஹெய்க்கினென் ஒரு செவிலியோடு வந்து நான் இன்னும் தனிமையில் இருக்கிறேனா என்று பார்க்கப்போகிறாள். இல்லை என்றால் ரனீமை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற பத்தொன்பது பேரில் ஒருவரிடம் அனுப்புவார்கள். புது ஆளோடு பொருத்திவைக்க ஆறு வாரமாகும். ஆறு வாரம் போனால் மே போய்விடும். மே போனால் ஒரு வருடம் போய்விடும்.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ரொட்டியைத் தொடவில்லை.

"அம்மோ, நீங்க பொய் சொல்ல வேணாம்."

"நான் பொய் சொல்றதில்ல."

"அது தெரியும். சும்மா... மே கடைசி வரைக்கும் கொஞ்சம் தனிமையா இருங்களேன். கொஞ்சம் போதும்."

ஏழு மாதத்தில் என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பொய் சொல்லிப் பழகாதவனுக்கு அதில் அளவு தெரியாது. சூப்புக்கு முதல் தடவை உப்புப் போடுகிறவன் மாதிரிதான். மர்லீனும் செவிலியும் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். யாரோடும் பேசுவதில்லை என்றேன். ரைனோ? எந்த ரைனோ என்றேன். இன்றைக்கு என்ன கிழமை என்று செவிலி கேட்டாள். தனியாக இருக்கிறவனுக்குக் கிழமை எதற்கு என்றேன். நன்றாகச் சொன்னதாக எனக்குள் நினைப்பு. செவிலி முகம் மாறியது. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மூன்று சொற்கள் சொல்கிறேன், பிறகு கேட்பேன் என்றாள். ஆப்பிள், மேசை, சாவி. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது உருளைக்கிழங்கு என்றேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். லாரியில் ஏறுகிற மரத்தை மனக்கணக்கிலேயே அளந்தவன் நான். தொண்ணூற்று மூன்றோடு நிறுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். கடிகாரம் வரையச் சொன்னாள். முள் இல்லாமல் வரைந்து கொடுத்தேன். மர்லீன் என் தோளைத் தடவிக்கொடுத்தாள். நம் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சவுனாவில் ரைனோவிடம் சொன்னேன். அவன் தண்ணீரை அடுப்பின் மேலிருந்த சூட்டுக் கல்லில் ஊற்றிவிட்டு, "தனிமைக்குக் கேட்டா நீ பைத்தியத்துக்குப் பரீட்சை எழுதிட்டு வந்திருக்கியேடா" என்றான். ரைனோ இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அவனுடைய பெண்ணின் கல்யாணத்தில்தான்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. நான் தோழமைப் பிரிவிலிருந்து பராமரிப்புப் பிரிவுக்கு உயர்த்தப்பட்டிருந்தேன். உயர்த்தப்பட்டிருந்தேன் என்றுதான் எழுதியிருந்தது. இனி வாரம் இரண்டு முறை செவிலி வருவாள். மாத்திரைகளைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைப்பார்கள். மருத்துவப் பயிற்சி இல்லாத தன்னார்வலர்கள் என்னோடு தனியாக இருக்கக் கூடாது.

மறுநாள் ரனீம் வந்தாள். உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றாள். விதி. நான் கதவுக்கு உள்பக்கம் நின்றேன். ஏப்ரலிலும் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் தலைமேலேயே. நகரக்கூட இல்லை.

"கொஞ்சம்னுதானே சொன்னேன்? கொஞ்சம் தனிமைன்னுதானே சொன்னேன், அம்மோ?"

கொஞ்சம் கூடிவிட்டது என்றேன்.

அப்போதுதான் மீதியைச் சொன்னாள். மர்லீன் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். என்னுடைய நிலைமை ஒரே நாளில் வந்திருக்காது, ஒரு வருடமாவது இருந்திருக்கும் என்று செவிலி எழுதியிருக்கிறாளாம். ஒரு வருடமாக நினைவு தப்பிய ஆள் போட்ட கையெழுத்தை எப்படி ஏற்பது? நூற்றுப்பன்னிரண்டு மணி நேரமும் விசாரணையில் இருந்தது. விசாரணை முடியும் வரை பூஜ்யம்.

"முப்பத்தெட்டு மணி இல்லேன்னு அழுதேன். இப்ப நூத்தம்பதும் இல்லை" என்றாள். அழவில்லை. கோபத்தில் இருந்தாள். அது எவ்வளவோ மேல். அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

அவளை அனுப்பிவிட்டுப் பிக்கப்பை எடுத்தேன். மர்லீனின் அலுவலகம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவள் எங்கள் ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பெண், எங்கள் ஆளைக் கட்டிக்கொண்டவள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்வோ ஐயா, இன்னைக்கு நாம எப்படி இருக்கோம்?"

"நீ எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியாது. நான் நல்லா இருக்கேன்."

"யாரு கூட்டிட்டு வந்தாங்க?"

"நானே வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

அவள் முகம் வெளுத்தது. மேசைக்குப் போய் ஏதோ குறித்துக்கொண்டாள். நான் உட்கார்ந்து, அன்றைக்குச் சொன்னது எல்லாம் பொய் என்றேன். ஆப்பிள், மேசை, சாவி என்றேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று இரண்டு வரைக்கும் இறங்கி வந்தேன். அவள் மேசையிலிருந்த தாளில் முள்ளோடு கடிகாரம் வரைந்து, கீழே பத்து மணி பத்து நிமிடம் என்றும் எழுதினேன். அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் இருக்காது, அதுதான் இந்த நோயின் வழி என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதும் அதில் ஒரு அறிகுறியாம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடைத்த கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள் பாருங்கள்.

எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நேரம் குறைகிறது என்றேன்.

"அப்போ நீங்க தனிமையில இல்லை?"

"இல்ல."

"எப்பலேருந்து?"

எப்போதுமே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, பாதியில் மூளை வேலை செய்தது. எப்போதுமே இல்லை என்றால் அவள் வந்ததற்கே அர்த்தமில்லை, அந்த நேரமும் செல்லாது. நினைவு தப்பியவன் என்றால் கையெழுத்து செல்லாது. தனிமை இல்லாதவன் என்றால் சேவை செல்லாது. நடுவில் ஒரே ஒரு சந்துதான் இருந்தது.

"முன்னாடி இருந்துது. அவ வந்ததால சரியாச்சு" என்றேன்.

பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மர்லீன் பேனாவைக் கீழே வைத்தாள். அதை நான் நம்புவதற்கு உங்களுக்கு நினைவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே என்றாள். அலமாரியைத் திறந்து ரனீமின் தாள்களை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். அவள் வந்தபோது என்ன நடந்தது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள்.

எனக்கு ஒவ்வொரு நாளும் வானிலையோடு சேர்ந்துதான் நினைவில் நிற்கும். லாரிக்காரன் புத்தி அது. செப்டம்பர் பத்து, தெற்குக் காற்று, ஜன்னல் விற்க வந்தவள் என்று நினைத்தேன் என்று ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் தேதி மழை, அட்டையைப் படித்தாள், நான் பதில் சொல்லவில்லை. அக்டோபர் முழுக்கச் சொன்னேன். தேதி சரியாக இருந்ததைப் பார்த்து மர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"நவம்பர் இருபத்தொண்ணு. பதினாலு அங்குலம் பனி. வந்ததும் சோபாவுல படுத்து ரெண்டு மணி நேரம் தூங்கினா."

மர்லீன் பென்சிலை எடுத்தாள்.

"தூங்கினாளா?"

"முந்தின நாள் பூரா படிச்சிருக்கா. குறட்டைகூட."

அந்த வரியில் ஒரு கோடு விழுந்தது. தூங்குவது தோழமையில் வராதாம். அப்போதுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. சொன்னால் நேரம் குறைகிறது. நிறுத்தினால் மறந்துவிட்டது என்பாள். மறந்துவிட்டது என்றால் எல்லாம் போய்விடும். அவள் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூங்கினதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் பொய் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த வாரம்தான் பார்த்திருந்தேன்.

சொன்னேன். டிசம்பர் பத்து, பன்னிரண்டு, பரீட்சை வாரம், இரண்டு நாளும் தூக்கம். இரண்டு கோடு. ஜனவரி பதினான்கு, வண்டி என் வாசல் பாதையில் பனியில் புதைந்து, நாற்பது நிமிடம் இரண்டு பேரும் மண்வெட்டியோடு நின்றோம். பனி அள்ளுவது உடலுழைப்பு, விதியில் இல்லை என்று ஒரு மணி நேரம் போனது. பிப்ரவரி இருபத்தைந்து, டியர்பார்னில் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று அவளுடைய அம்மா அழைத்தாள். இரண்டு மணி நேரமும் காருக்குள்ளேயே தொலைபேசியில் இருந்தாள். நான் காப்பியைக் கொண்டுபோய்க் கண்ணாடி வழியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கோடு. மார்ச் ஆறு, தூங்கவில்லை, இரண்டு மணி நேரமும் பேசினாள், தன்னோடு படிக்கிற ஒரு பையனைப் பற்றி. மர்லீனுக்கு முகம் மலர்ந்தது. உரையாடல்! அதனால் உங்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்று கேட்டாள். ஒரு பயனும் இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். கோடு. மார்ச் கடைசியில் இன்னும் இரண்டு நாள் தூக்கம்.

"மத்த நாளெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

"உக்காந்திருந்தோம்."

"பேசாமலா?"

"ஆமா."

மர்லீன் தாள்களை ஒரு பக்கமாகத் தள்ளினாள். அப்படியானால் மீதியையும் எழுத முடியாது என்றாள். அவள் படித்துக்கொண்டிருந்தாள், நீங்கள் ஏதோ இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள், இதற்குப் பெயர் தோழமையா என்று கேட்டாள். அதைவிட வேறென்ன தோழமை என்று நான் கேட்டேன். வீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்மை எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும். நான்கு மணியானால் காப்பி குடிக்க வேண்டும். என் மனைவி ஐலா உயிரோடிருந்தபோது முப்பத்தாறு வருடம் அப்படித்தான் இருந்தாள். அதற்கு யாரும் அவளுக்குக் கையெழுத்துப் போட்டுத்தரவில்லை.

மர்லீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அலுவலகத்துச் சிரிப்பு இல்லை அது.

"என் வீட்டுக்காரரும் உங்க ஆளுதான் ஐயா. சாயங்காலம் வந்து உக்காருவார். நானும் உக்காருவேன். இதெல்லாம் சேவைன்னா, நான் முப்பத்தொரு வருஷமா தன்னார்வலர்."

"உன் பேருக்கும் தாள் போட்டுக்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். விழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அது தோழமை, கண்ணை மூடினால் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியாது, மேலே தணிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றாள். கோடு போட்டதைக் கூட்டிப் பார்த்தாள். பதினைந்து மணி நேரம் போக, தொண்ணூற்றேழு.

எனக்கு நினைவு சரியாக இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை குத்தினாள். பராமரிப்புப் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டாள். தனிமையிலிருந்தும் எடுத்துவிட்டாள். பொய் சொல்லித் திட்டத்தை ஏமாற்றியதால் இரண்டு வருடத்துக்கு நான் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்றாள். விண்ணப்பிக்க மாட்டேன் என்றேன். உருப்பெருக்கியை வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ரனீமுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். தொண்ணூற்றேழு என்றேன். பூஜ்யத்துக்கு அது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இருபது வயதில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

"தூங்குனதையுமா சொன்னீங்க?"

"கேட்டா."

"குறட்டையையும்?"

ஐந்தரை வாரத்தில் ஐம்பத்து மூன்று மணி என்றாள், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. புதிதாக ஒரு கிழவனைப் பிடிக்க ஆறு வாரம். பயிற்சி, விசாரணை, பொருத்தம். வைத்துவிடுகிறேன் அம்மோ என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு செவ்வாயிலும் வியாழனிலும் யாரும் வரவில்லை. நான் ரம்பச் சங்கிலியை எடுத்துத் தீட்டுவேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. அவள் வந்தபோதும் சத்தமில்லாமல்தான் இருந்தது. ஆனால் இது வேறு மாதிரி. நான்கு மணிக்குக் காப்பியை இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பக் கெட்டிலில் ஊற்றினேன், ஒன்றிரண்டு தடவை. மர்லீன் ஒருநாள் விசாரித்துத் தொலைபேசி செய்தாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னாலும் இரண்டு வருடம் ஆகுமே.

மே முப்பதாம் தேதி ரனீம் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"நூத்தம்பது அம்மோ. இல்லை, நூத்தம்பத்தொண்ணு. விண்ணப்பம் போட்டாச்சு."

எங்கே கிழவன் கிடைத்தான் என்று கேட்டேன். கிழவன் இல்லை என்றாள். நெடுஞ்சாலைப் பக்கம் அநாதை நாய்கள் காப்பகம் இருக்கிறதே, அங்கே. அங்கே பயிற்சி கிடையாது, பொருத்திவைப்பதும் கிடையாது, போன அன்றைக்கே ஆரம்பிக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் போயிருக்கிறாள். படிவத்தில் அதே கட்டம்தான். மருத்துவம் சாராத சேவை. மேலே நான், கீழே நாய்கள்.

எனக்கு ஒரு சந்தேகம்.

"அங்க போயி என்ன பண்ணுன?"

"அடிபட்டு வந்த நாய்ங்க அம்மோ, பயந்து கிடக்கும். யாராவது பக்கத்துல இருந்தாத்தான் தூங்கும். கூண்டுக்குள்ள போயி உக்காந்து படிச்சுக்கிட்டிருப்பேன். அதுங்க தூங்கும்."

"அதுக்கு நேரம் எழுதிக் கொடுக்கறாங்களா?"

"முழுசா."

"நாய் தூங்கினா செல்லும்."

"செல்லும்."

"நீ தூங்கினா?"

"நான் தூங்கலை" என்றாள். பிறகு, "தூங்கியிருந்தாலும் அதுங்க சொல்லியிருக்காது" என்றாள்.